21ஆம் பக்கம்

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நானே தைத்தது, 48 பக்கம். அட்டைக்கு மேலே அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையிலிருந்து வெட்டிய துண்டு. நானும் அம்மாவும் காசிக்குப் போய் வந்த பயணத்தின் நோட்டு அது. பார்த்த நண்பர்கள் எல்லோரும் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, ஒரு ஆள் முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு, "செமயா இருக்குடா" என்று திருப்பிக் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் 21ஆம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். ஒரு தோழி அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் இருப்பது பொய்.

கொலைக் குற்றம் மாதிரி இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று தெரியும். ஒரு பயண நோட்டு. யாரும் அதை வைத்து வழக்கு நடத்தப் போவதில்லை. ஆனாலும் ஒரு வருடமாக இந்தப் பக்கம் என்னை விடவில்லை. நான் வாழ்ந்த ஒரு நாளை நானே பிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாமா? அந்த நாளில் இன்னொருவரும் இருந்தால்? அந்த இன்னொருவரே "மாத்தியே இருக்கட்டும்" என்று சொன்னால்? இந்த மூன்று கேள்விகளையும் வரிசையாக யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

*

நோட்டு தைப்பது எனக்கு ஐந்தாறு வருடப் பழக்கம். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்கிறவனுக்குக் கையால் ஏதாவது செய்யணும் என்று ஒரு அரிப்பு வரும், அப்படி ஆரம்பித்தது. திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடையில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். மடிப்பதற்கு முன் தாளின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். நார் ஓடும் திசையில் மடித்தால் படியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். நான்கு தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கம். கடையில் அதை ஃபாரம் என்பார்கள். மடிப்பில் குத்தூசியால் ஐந்து துளை. மெழுகு தேய்த்த நூலால் ஃபாரங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். அட்டைக்கு மைதாப் பசை, பூச்சி அரிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம். என் காசி நோட்டு மூன்று ஃபாரம்.

பயண நோட்டில் மூன்று காலம் உண்டு. கிளம்புவதற்கு முன் செய்வது, அங்கே இருக்கும்போது எழுதுவது, திரும்பி வந்தபின் ஒட்டி முடிப்பது. எனக்கு எப்போதுமே முதல் காலம்தான் பிடித்தமானது. டிக்கெட் புக் செய்த நாளிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அதோடுதான் கழியும். காசிக்கு முதல் 14 பக்கங்களை நான் சென்னையிலேயே நிரப்பிவிட்டேன். கங்கையின் வளைவை வரைந்து, படித்துறைகளைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறித்தேன்: அஸ்ஸி, அனுமன், ஹரிச்சந்திரா, கேதார், தசாஸ்வமேதம், மணிகர்ணிகா, பஞ்சகங்கா. அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு ஒரு தாள், முன்னும் பின்னும். ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் மெல்லிய கட்டங்கள். காலை இது, பதினொரு மணிக்கு இது, மூன்று மணிக்கு இது. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் டிக் போட ஒரு சின்னச் சதுரம்.

வியாழக்கிழமைக்கான தாளில் (21, 22ஆம் பக்கங்கள்) மதியம் மூன்று மணிக்கு சாரநாத் மியூசியம் என்று போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, சனிக்கிழமைக்கு வேறு திட்டம். அதனால் வியாழனை விட்டால் கிடையாது. அசோகரின் சிங்கத் தூணின் தலைப்பகுதி அங்கேதான் இருக்கிறது. நம் ரூபாய் நோட்டில் தினமும் பார்க்கும் சிங்கங்கள். 22ஆம் பக்கத்தில் ஒரு போட்டோவைப் பார்த்து அதன் வெளிக்கோட்டை முன்கூட்டியே லேசாக வரைந்து வைத்தேன். நேரில் பார்த்து நிழலும் பிடரி மயிரும் வரைந்து முடிப்பதாகத் திட்டம்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பே இல்லை. ஆனால் முன்கூட்டிப் போட்ட கட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. டேட்டாபேஸ் வடிவமைக்கிறவர்களுக்கு இது தெரியும். எந்த விவரத்துக்கு ஃபீல்டு இல்லையோ, அந்த விவரம் நடந்தாலும் பதிவாகாது.

இதற்கு எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் சார்லஸ் டார்வின். 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் கிளம்பி 1836 அக்டோபரில் இங்கிலாந்து திரும்பினார். பாக்கெட்டில் வைக்கும் அளவுக்குச் சின்ன நோட்டுகளில் பெரும்பாலும் பென்சிலால் எழுதினார். பிறகு கப்பலில் உட்கார்ந்து அதை நாட்குறிப்பாக விரித்தார். ஊர் திரும்பியபின் 1839இல் புத்தகமாக்கினார். 1845இல் திருத்திய பதிப்பு வந்தது. 1835இல் அவர் காலாபகஸ் தீவுகளில் ஐந்து வாரம் இருந்தபோது, ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவு என்று சொல்லிவிடலாம் என அங்கிருந்த துணை ஆளுநர் அவரிடம் சொல்லியிருக்கிறார். டார்வின் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் வேறு வேறு உயிர்கள் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அதனால் சுட்டுச் சேகரித்த சின்னக் குருவிகளில் பலவற்றை, எந்தத் தீவில் எடுத்தது என்று குறிக்காமல் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். 1837இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் அவற்றைப் பார்த்து, இவை வெவ்வேறு இனங்கள் என்று சொன்னபோதுதான் விடுபட்டது என்னவென்று தெரிந்தது. கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் சேகரித்து வைத்திருந்த குருவிகளில் தீவின் பெயர் குறிக்கப்பட்டிருந்தது. டார்வின் அவற்றை வாங்கிப் பார்த்துத் தன் ஓட்டையை அடைக்க முயன்றார்.

எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தக் குளறுபடியை அவர் மறைக்கவில்லை என்பது. இரண்டு தீவுகளின் சேகரிப்பைத் தான் கொஞ்சம் கலந்துவிட்டதைத் தன் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார். நினைத்திருந்தால், எல்லாம் முதல் நாளே தெரிந்ததுபோல ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்?

*

சரி, என் வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எல்லாச் சதுரங்களிலும் டிக் விழுந்தது. புதன்கிழமை அனுமன் காட்டில் பாரதி வாலிப வயதில் தங்கியிருந்த அத்தை வீட்டைப் பார்த்தோம். அம்மாவுக்கு 64 வயது. ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வந்த முட்டி. காசியில் எங்கே போவதாக இருந்தாலும் ஒரு நூறு படி உண்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

வியாழன் காலை கேதார் காட் போனோம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள், மேலே கேதாரேசுவரர் கோயில். தெற்கத்திக்காரர்கள் அதிகம் வரும் படித்துறை, பக்கத்தில் எங்கேயாவது ஒரு தமிழ்க் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். சாமி கும்பிட்டுவிட்டு அம்மா கீழ்ப் படி ஒன்றில் உட்கார்ந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் அங்கேயே வந்து உட்கார்ந்தார். இரண்டே கால் ஆனது. மேலே தெருவில் ஆட்டோ காத்திருந்தது.

"போலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்டா."

இரண்டு இருபத்தைந்துக்கு மறுபடி கேட்டேன். அதே பதில். இரண்டு நாற்பதுக்கு நான் கத்தினேன். மியூசியம் ஐந்து மணிக்கு மூடிவிடும், நாளைக்கு லீவு, ஆட்டோக்காரன் போன் மேல் போன் போடுகிறான், எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். கடைசியில் சொன்னது இது: "இதுக்குத்தான் உன்ன எங்கயும் கூட்டிட்டு வர்றதில்ல."

பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள்.

அம்மா எழுந்தார். சாரநாத்துக்குப் போகவில்லை. ஆட்டோவை அனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பினோம். இரவு வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் நோட்டை எடுத்து 21ஆம் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடி வைத்தேன். மறுநாள் காலை அம்மா சாதாரணமாக "காப்பி குடிக்கலாமா" என்றார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. காப்பிதான் குடித்தோம்.

*

ஊர் வந்து பத்து நாள் கழித்து நோட்டை முடிக்க உட்கார்ந்தேன். ரயில் டிக்கெட், படகுக்காரர் கொடுத்த சீட்டு, லஸ்ஸி குடித்த மண் குவளையின் விளிம்பை மையில் தொட்டுப் பதித்த வட்டம் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. 21 மட்டும் காலி. நடுவில் ஒரு காலிப் பக்கம், பல் விழுந்த மாதிரி. கைவேலை செய்கிறவர்களுக்குப் புரியும், அது எவ்வளவு உறுத்தும் என்று.

அதனால் எழுதினேன். இப்படி: அம்மாவுக்கு முட்டி வலி. சாரநாத்தை விட்டுவிட்டு, கேதார் காட்டிலேயே மாலை வரை உட்கார்ந்திருந்தோம். பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் இல்லாத ஒரு மாலை. விளக்கு ஏற்றும் வரை அம்மா பழைய கதைகள் சொன்னார்.

கீழே படித்துறையின் பட்டைகளை சிவப்பு மையில் வரைந்தேன். நன்றாக வந்தது.

இந்தப் பொய்யின் திறமையைக் கவனியுங்கள். முட்டி வலி உண்மை. சாரநாத் போகாதது உண்மை. கேதார் காட்டில் உட்கார்ந்தது உண்மை. அம்மா பழைய கதைகள் சொன்னதும் உண்மைதான், ஆனால் அது சனிக்கிழமை. ஒரு சொல்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறது: "விட்டுவிட்டு". நான் விட்டுக்கொடுத்ததாக. என் கட்டங்களை அம்மாவுக்காக நானே அழித்ததாக. என் நண்பர்கள் நின்று படித்தது அந்தச் சொல்லைத்தான். தோழி சொன்னாள், "உங்கம்மா லக்கி."

*

பயணத்தைப் பிறகு மாற்றி எழுதியவன் நான் மட்டுமில்லையே என்று என் சார்பாக வாதாடத் தேடினேன். பெரிய ஆள் ஒருவர் கிடைத்தார்.

ஜப்பானியக் கவி மட்சுவோ பாஷோ 1689 வசந்தத்தில், இன்று டோக்கியோ எனப்படும் எடோவிலிருந்து வடக்கே நடக்கத் தொடங்கினார். கூட சோரா என்ற சீடர். ஏறக்குறைய ஐந்து மாதம். அந்தப் பயணத்தைப் பற்றிய சிறு நூலை அவர் 1694இல் இறக்கும் வரை செதுக்கிக்கொண்டிருந்தார். 1702இல் அச்சாகி, உலகத்தின் மிகப் பெரிய பயண நூல்களில் ஒன்றாக ஆனது. ஆனால் கூடப் போன சோராவும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், மழை பெய்ததா, எங்கே தங்கினோம் என்று வறட்டுக் கணக்கு. அது 1943இல்தான் அச்சில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. பாஷோ தேதிகளையும் நிகழ்வுகளையும் கலைக்காக மாற்றியிருந்தார்.

அதில் ஒரு காட்சி புகழ்பெற்றது. இச்சிபுரி என்ற ஊர்ச் சத்திரத்தில் பக்கத்து அறையில் இரண்டு கணிகையர் தங்கியிருக்கிறார்கள். இசே கோயிலுக்குத் தனியாக யாத்திரை போகிறவர்கள். வழி தெரியாத பயத்தில், உங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று காலையில் அழுது கேட்கிறார்கள். பாஷோ மறுத்துவிட்டுப் போகிறார். போனபின் அவர்களை நினைத்து மனசு கேட்காமல் ஒரு கவிதை எழுதுகிறார். அதை சோராவிடம் சொன்னதாகவும், சோரா எழுதி வைத்துக்கொண்டதாகவும் நூலில் இருக்கிறது. சோராவின் நாட்குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் காட்சியே கற்பனையாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

முதலில் எனக்கு சந்தோஷம். பாஷோ செய்யலாம், நான் செய்யக் கூடாதா? ரெண்டு நாள் இந்த நிம்மதியோடு இருந்தேன்.

பிறகு ஒன்று உறைத்தது. பாஷோ அந்தக் காட்சியைக் கற்பனை செய்தாரென்றே வைத்துக்கொள்வோம். அதில் அவர் யார்? உதவி கேட்ட இரண்டு பெண்களை வழியில் விட்டுவிட்டு நடந்தவர். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள அவர் அதைச் சேர்க்கவில்லை. அவர்களோடு கொஞ்ச தூரம் துணைக்குப் போனேன் என்று எழுதியிருந்தால் இன்னும் இனிப்பாக இருந்திருக்கும், ஒரு வரிதானே. அவர் எழுதவில்லை. நடக்காத ஒன்றைச் சேர்த்து, தன் மேல் ஒரு கறையை வைத்துக்கொண்டார். நான் நடந்த ஒன்றை எடுத்து, என் மேலிருந்த கறையைத் துடைத்துக்கொண்டேன். இரண்டும் மாற்றி எழுதுவதுதான். ஆனால் ஒரே காரியம் இல்லை.

அதனால், பயணத்தைப் பிறகு மாற்றி எழுதலாமா என்ற என் முதல் கேள்வியே சரியாகக் கேட்கப்படவில்லை என்று இப்போது நினைக்கிறேன். மாற்றத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டிருக்க வேண்டும். டார்வின் தன் ஓட்டையைச் சொன்னார், அதனால் அவர் கொஞ்சம் சின்னவராகத் தெரிந்தார். பாஷோவின் காட்சியில் பாஷோ சின்னவராகத் தெரிகிறார். என் 21ஆம் பக்கத்தில் மட்டும்தான் எழுதியவன் வளர்ந்து நிற்கிறான்.

காசிக்கே போன இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். ஏனுகுல வீராசாமி, சென்னையின் சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக வேலை பார்த்தவர். 1830இல் பெரிய கூட்டத்தோடு சென்னையிலிருந்து கிளம்பி, காசி போய், 1831இல் திரும்பினார். ரயில் இல்லாத காலம், பதினைந்து மாதத்துக்கு மேல் ஆனது. வழியில் பார்த்ததையெல்லாம் தெலுங்கில் எழுதி, சென்னையிலிருந்த நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாச பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டே போனார். அந்த நண்பர் அதை 1838இல் 'காசி யாத்ர சரித்ர' என்ற நூலாக வெளியிட்டார். அந்த முறையில் ஒரு கட்டாயம் இருக்கிறது. எழுதியது கையை விட்டுப் போய்விட்டது. நண்பர் வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது. பத்து நாள் கழித்து மனசு மாறினாலும், நேற்று எழுதியது நேற்று எழுதியதாகவே இருக்கும்.

இது என் தொழிலில் தினமும் பார்க்கும் விஷயம். நாங்கள் கோடு எழுதிச் சேமிக்கும் கிட் என்ற மென்பொருள் ஒவ்வொரு கமிட்டோடும் இரண்டு தேதிகளை வைத்திருக்கும். மாற்றத்தை முதலில் எழுதிய தேதி ஒன்று, கடைசியாகப் பதிவில் சேர்த்த தேதி இன்னொன்று. பழைய கமிட்டைத் திருத்தினால் முதல் தேதி அப்படியே நிற்கும், இரண்டாவது மாறிவிடும். சாதாரணமாக ஒரு தேதிதான் கண்ணில் படும். ஆனால் தேடினால் இரண்டும் கிடைக்கும். திருத்துவது குற்றமில்லை. திருத்திய நாளை மறைப்பதுதான் பிரச்சினை. என் 21ஆம் பக்கத்தின் மேல் மூலையில் அந்த வியாழக்கிழமையின் தேதி மட்டும் இருந்தது.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பாதி, பாராட்டு வேண்டும் என்று ஒரு பாதி இருந்திருக்கும். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். 18ஆம் பக்கத்தில் சிரித்தார். காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்களே, அந்தப் பக்கம். "அம்மா விட்டது: கத்தரிக்காய். நான் விட்டது: பாகற்காய்" என்று எழுதியிருந்தேன். கத்தரிக்காய் அம்மாவுக்கு உயிர். எனக்குப் பாகற்காய் சுத்தமாக ஆகாது. அதாவது நான் எதையும் விடவில்லை.

21ஆம் பக்கத்தில் நிதானமாகப் படித்தார். திருப்பினார். முடியாத சிங்கத்தைப் பார்த்தார். மறுபடி 21க்கு வந்தார்.

"இது அப்படி இல்லியேடா."

"ஆமாம்மா."

"நல்லாத்தான் எழுதியிருக்க."

"மாத்தி எழுதிடறேன்."

"எதுக்கு? நான் அத அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். காசில விட்டத திரும்ப எடுப்பாங்களா?"

பேச்சு அதோடு முடிந்தது. அம்மா சமையலறைக்குப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கேட்டால் விடுதலை கிடைத்த மாதிரி இருக்கிறது இல்லையா? காயம்பட்டவரே வேண்டாம் என்கிறார். பொய்ப் பக்கம் அப்படியே இருந்தால் இருவருக்கும் நல்லது. உண்மையை எழுதினால் அம்மா நாலு பேர் முன்னால் திட்டு வாங்கினார் என்பதும் சேர்ந்து பதிவாகும். உண்மை பேசுகிறேன் என்று சொல்லி அவருடைய அவமானத்தை நான் அட்டை போட்டுத் தைத்து வைப்பதா? அதுவும் ஒருவித அகங்காரம்தானே?

இதுதான் என்னை நெடுநாள் கட்டிப் போட்ட இடம். இங்கிருந்து நான் நகர்ந்த விதம் இது: அம்மா விட்டது அம்மாவிடம் இருந்ததை. அந்தச் சொற்கள் அவர்மேல் விழுந்தன, அவர் அதைத் தூக்கிக்கொண்டு வர மறுத்துவிட்டார். அது அவருடைய உரிமை, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் அந்தச் சொற்களைச் சொன்ன வாய் என்னுடையது. அதை அவரால் காசியில் விட முடியாது, அது அவர் கையில் இல்லை. அவர் மன்னித்ததை நான் மறப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டால், கத்தரிக்காயை அவர் விட, பாகற்காயை நான் விட்ட கதைதான் மறுபடியும். எனக்குப் பிடிக்காததை விட்டுவிட்டு, விட்டேன் என்று எழுதிக்கொள்வது.

பாதிக்கப்பட்டவர் ஒரு நாளை நினைவிலிருந்து எடுத்துவிடலாம். பாதிப்பை உண்டாக்கியவனுக்கு அந்தச் சலுகை இல்லை என்று நினைக்கிறேன். ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கச் சொல்லவில்லை. தன் பங்கை மட்டுமாவது, தனக்கு மட்டுமாவது, நடந்தபடி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை இரண்டு நாற்பதுக்கு என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது. நான் விட்டுக்கொடுக்கிறவன் என்று அவனுடைய நோட்டே அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கும். இப்போதே எனக்கு அந்த ஆபத்து தெரிகிறது. அந்த வியாழக்கிழமையை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது விளக்கு ஏற்றிய படித்துறை. நாங்கள் அன்று மாலை அங்கே இல்லவே இல்லை.

*

பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். பிளேடைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் தைத்த நோட்டில் தனித் தாள் என்று ஒன்று கிடையாது. 17 முதல் 32 வரை நடு ஃபாரம். 21, 22 இருக்கும் தாளின் மறுபாதிதான் 27, 28. இரண்டும் ஒரே காகிதம், நடுவில் மடித்துத் தைத்தது. ஒன்றை வேரோடு எடுத்தால் மற்றது பிடிப்பில்லாமல் கழன்று வரும்.

27ஆம் பக்கம், திரும்பி வரும் ரயில். அதில் என் கையெழுத்து இல்லை. அம்மா பேனாவை வாங்கி, ஐந்து நாள் செலவைக் கணக்கு எழுதியிருக்கிறார். படகு, பூ, தயிர், ஆட்டோ. ஆட்டோவில் வியாழக்கிழமைக்கு ஒரு தொகை இருக்கிறது. போகாத சாரநாத்துக்குக் காத்திருந்த ஆட்டோவுக்குக் கொடுத்த பணம். சோராவின் நாட்குறிப்பு மாதிரி, என் நோட்டிலேயே இன்னொருவர் உண்மையை எழுதி வைத்திருந்தார். நான் கவனிக்கவே இல்லை.

பிளேடை மேஜையில் வைத்துவிட்டேன். 21ஆம் பக்கத்தை அப்படியே விட்டேன். அதன் உள்விளிம்பில் ஒரு சின்னச் சீட்டை மைதாப் பசையால் கதவு மாதிரி ஒட்டினேன். மேலே எழுதிய நாளின் தேதி. கீழே நான்கு வரி. நான் எத்தனை மணிக்குக் கத்தினேன், என்ன சொன்னேன், மேலே இருக்கும் பக்கத்தை எப்போது எழுதினேன், ஏன் எழுதினேன். அம்மாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் என்ன செய்தார், முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவருடையது. என் பங்கு மட்டும் என் கையெழுத்தில்.

சிங்கம் வெளிக்கோட்டோடு நிற்கிறது. போட்டோவைப் பார்த்து முடித்துவிட முடியும். முடிக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "எழுது, ஆனா" என்று ஆரம்பித்து ஒரு விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம் என்றார். அது இதில் இல்லை.

காசி யாத்திரை காசியோடு முடிவதில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். கங்கைத் தண்ணீரை ராமேசுவரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தால்தான் கணக்கு முடியும். அடைத்த செப்புச் சொம்பு இன்னும் வீட்டில் சாமி அலமாரியில்தான் இருக்கிறது. நோட்டின் மூன்றாவது ஃபாரத்தை நான் அதற்காகத்தான் தைத்தேன். போன வருடமே அதிலும் கட்டங்கள் போட்டு வைத்திருந்தேன். கோதண்டராமர் கோயில் இத்தனை மணி, தனுஷ்கோடி இத்தனை மணி என்று. போன வாரம் ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். ரயில் நேரத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், அது நமக்காக நிற்காது.

"ராமேஸ்வரத்துல படி உண்டா?" என்று அம்மா கேட்டார்.

"கடல்தாம்மா. உக்காந்துக்கலாம்."

"எவ்ளோ நேரம்?"

அந்தக் கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருந்தது. இருக்கட்டும்.